கேலிக்கும் முறை உண்டு

எங்கள் ஊர்ப் பக்கம் புதிதாக ஒருவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால் அவர் பேரை யாரும் முதலில் கேட்கமாட்டார்கள். எந்த ஊரு, யாரு வீடு, தாயார் எங்கே பொறந்தவுக என்று விசாரணை போகும். சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சுற்றுவழி என்பார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் சொந்தச் சாதி என்று தெரிந்த பிறகும் விசாரணை நிற்காது. அவருடைய அம்மா பிறந்த ஊரில் நம் சின்னம்மாவைக் கட்டிக்கொடுத்த வீடு எது, அந்த வீட்டுக்கு இவர் பங்காளியா, மாமன் மச்சானா என்று நூல் பிடித்துக்கொண்டே போவார்கள். "அப்ப எனக்கு நீங்க மச்சான் முறை வருது" என்று ஒரு கட்டத்தில் யாராவது முடிவு சொல்வார். அதுவரை மழையையும் வெயிலையும் பற்றி மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர், அடுத்த வாய்ப்பேச்சிலேயே விருந்தாளியின் வழுக்கைத் தலைக்கு வந்துவிடுவார். விருந்தாளியும் சும்மா இருக்கமாட்டார். பங்காளி முறை என்று முடிந்தாலோ வழுக்கை தப்பித்தது. பேச்சு பருத்தி விலைக்குப் போய்விடும்.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே கரிசல் காட்டில் கிடக்கிற சின்ன ஊர் அது. 1960-களின் கடைசியில், டவுசர் போட்ட வயதில், யாரை எப்படிக் கூப்பிடுவது என்று படித்தபோதே யாரைக் கேலி பேசலாம் என்பதையும் சேர்த்துத்தான் படித்தோம். அண்ணன் பொண்டாட்டி மதினி. அவளும் கொழுந்தனும் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் வாரிக்கொண்டிருக்கலாம். அதே அண்ணன், தம்பி பொண்டாட்டி இருக்கிற அடுப்படிப் பக்கம் வருவதானால் நாலு வீடு தள்ளியே செருமிக்கொண்டு வருவார். தாத்தா பேத்தியைப் பார்த்து "என்னயக் கட்டிக்கிறியாடி" என்று கேட்கலாம். அப்பா மகளிடம் அப்படி ஒரு சொல் பேசினால் ஊர் காறித் துப்பும். யாரும் எழுதிவைக்காத சட்டம். தவறியவர்களை நான் பார்த்ததில்லை.

மாரியம்மன் பொங்கல் முடிந்த மறுநாள் மஞ்சள் தண்ணி. முறைப்பெண்கள் குடத்தோடு தெருவில் இறங்கிவிடுவார்கள். கூட்டத்துக்குள் ஓடி ஒளிகிற பையனைக்கூடச் சரியாகத் தேடிப் பிடித்து ஊற்றுவார்கள். பக்கத்தில் நிற்கிற அண்ணன் முறைக்காரன் மேல் ஒரு சொட்டு தெறிக்காது. யாருமே ஊற்றாமல், காலையில் கட்டிய வேட்டி வெள்ளை வெளேரென்று அப்படியே வீடு திரும்பியவனைப் பார்த்து அவன் அம்மாவே முகம் சுண்டிப்போவாள்.

தபால்காரர்தான் எங்கள் ஊருக்குச் சிக்கலாக இருந்தார். நாகர்கோவில் பக்கத்து மனிதர். எந்த நூலைப் பிடித்தாலும் அவரை எங்கள் ஊரோடு முடிச்சுப்போட முடியவில்லை. சைக்கிளை நிறுத்துவார், கடிதத்தைக் கொடுப்பார், மோர் குடிப்பார், போய்விடுவார். ஊரே அவரை "சார்" என்றது. என் பெரியப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. அன்றாடம் வாசலுக்கு வருகிற மனிதனை ஒரு வார்த்தை கேலி பேச வழியில்லையே! ஒருநாள் மோர்ச் செம்பை நீட்டியபடியே, "ஒங்க வீட்டம்மா பேரு என்ன சார்?" என்றார். அவர் சொன்னார். "எங்க ஒன்னுவிட்ட தங்கச்சி ஒருத்திக்கும் அதே பேருதான். அப்ப நீங்க எனக்கு மாப்பிள்ளை." தீர்ப்பு அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. மறுநாளே ஆரம்பித்துவிட்டார்: "என்ன மாப்ளே, கல்யாணப் பத்திரிகையெல்லாம் அடுத்த தெருவுல குடுத்துட்டு, எனக்கு மட்டும் கேதக் கடுதாசியாக் கொண்டாரீக?" தபால்காரர் சில நாள் திகைத்துப்போய் நின்றார். அப்புறம் அவருக்கும் வாய் திறந்தது. "நல்ல சேதி எழுதுற சொந்தக்காரனா பாத்து வச்சிருக்கணும் மச்சான். அதுக்கு நான் என்ன செய்யட்டும்?" அவர் மாற்றலாகிப் போன அன்றைக்குப் பெரியப்பா வேட்டி, துண்டு எடுத்துவைத்துக் கொடுத்தார். மச்சினன் செய்முறையாம்.

வேலைக்குப் போய் நூலகத்தில் உட்காரும் பழக்கம் வந்த பிறகுதான் இதைப் பற்றி வெளிநாட்டார் எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. ராட்கிளிஃப்-பிரவுன் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1940-இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவரை இன்னொருவர் கேலி செய்ய வழக்கமே அனுமதி கொடுக்கும், கேலிக்கு ஆளானவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, இப்படி ஒரு உறவு உலகத்தில் பல இடங்களில் உண்டு என்றார். சில இடங்களில் அனுமதி மட்டுமல்ல, கேலி செய்தே ஆகவேண்டும். கல்யாணத்தால் சேர்ந்த இரண்டு குடும்பங்களுக்கு ஒட்டும் வேண்டும், அதே சமயம் இரண்டும் வேறு வேறு என்பதும் மறந்துபோகாது. சண்டை வர எல்லா வாய்ப்பும் உள்ள இடம் அது. அதைச் சமாளிக்க இரண்டு வழி: ஒன்று, முகம் பார்க்காத அளவுக்கு மரியாதை, இல்லையென்றால், கோபமே வராத கேலி. படித்தபோது எங்கள் வீட்டுக் கூடம் கண்முன் வந்தது. மாமியாரைக் கண்டதும் எழுந்து தூணுக்குப் பின்னால் போகிற அப்பா, அதே மாமியாரின் மகனைக் கண்டதும் தொடையைத் தட்டிக்கொண்டு வாயைத் திறப்பார்.

லூயி துய்மோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1949, 50 வாக்கில் உசிலம்பட்டிப் பக்கம் பிரமலைக் கள்ளர் நடுவே தங்கி ஆராய்ந்தவர். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம். தமிழர் உறவுமுறையில் மாமன் மச்சான் என்பது இன்று நடந்த ஒரு கல்யாணத்தால் வருவது மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிற சம்பந்தம் என்பது அவர் கண்டது. நிலம், நகைபோலக் கேலியும் எங்களுக்குப் பாட்டன் சொத்தாக வந்தது என்று நான் அதைப் புரிந்துகொண்டேன்.

சொத்து என்றால் அதற்கு ஒரு பயன் இருக்க வேண்டுமே. இருந்தது. அம்மாவின் தம்பி, கிணற்றுக்கு மோட்டார் வைப்பதற்காக அப்பாவிடம் பணம் வாங்கியிருந்தார். ஒரு வருஷம் ஓடிவிட்டது. பொண்டாட்டியின் தம்பியிடம் போய்ப் பணத்தைக் கொடு என்று கேட்டால் அம்மா ஒரு வாரம் பேசமாட்டாள். கேட்காவிட்டால் பணம் வராது. டீக்கடைப் பெஞ்சில், ஊரார் நாலு பேர் இருக்கும்போது அப்பா ஆரம்பித்தார்.

"ஏன் மாப்ளே, எங்க ஆடு ஒன்னு ஒங்க வீட்டுல மேயுதே, நல்லாருக்கா?"

மாமா டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுச் சொன்னார். "நல்லாத்தான் இருக்கு மச்சான். இப்பச் சினையா இருக்கு, ஓட்டுனாத் தாங்காது. மாசியில ஈனுனதும் தாயும் குட்டியுமாக் கொண்டாந்து ஒங்க தொழுவத்துல கட்டிட்டுத்தான் மறுவேலை."

"குட்டி கெடக்கட்டும், தாயி வந்தாப் போதும். அதுக்குள்ள வெட்டிக் கறியாக்கித் தின்னுறாதீக."

பெஞ்சே குலுங்கியது. வத்தல் விற்ற காசு மாசியில் வரும், வட்டியோடு தருகிறேன் என்று மாமா சொல்லியாயிற்று. வட்டி வேண்டாம் என்று அப்பா சொல்லியாயிற்று. நாலு பேர் சாட்சி. பணம் என்ற சொல்லையே இரண்டு பேரும் வாயில் எடுக்கவில்லை. மாசி கடைசியில் மாமா வந்து மஞ்சள் பையை அப்பா மடியில் வைத்துவிட்டு, "எண்ணிக்கோங்க மச்சான், நாலு காலும் இருக்கான்னு" என்றார்.

சித்தப்பாவோடு இப்படி முடியவில்லை. அப்பாவுக்கு உடன்பிறந்த தம்பி. வரப்பை இரண்டு சால் தள்ளி உழுதுவிட்டார் என்பது வழக்கு. இதே விஷயம் மச்சினன் செய்திருந்தால், "என்ன மாப்ளே, எங்க நெலத்துக்கு ஒங்க வீட்டுல கல்யாணமா, இப்படி நகந்து நகந்து வருது" என்று கேட்டு முடித்திருப்பார் அப்பா. பங்காளியிடம் அந்தப் பேச்சே கிடையாது. நேராகக் கேட்டார். நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் வந்தது. சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்து கல் நட்டுவிட்டுப் போனார். அதன் பிறகு அண்ணனும் தம்பியும் கேத வீடுகளில் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், பெரும்பாலும் பேசாமல்.

கேத வீடு என்றதும் அப்பத்தா செத்தது ஞாபகம் வருகிறது. தொண்ணூறைத் தாண்டிய கிழவி. கல்யாணச் சாவு என்று கொட்டு வைத்து, வேட்டு போட்டு, பேரன்கள் நெய்ப்பந்தம் பிடிக்க எடுத்துப்போனோம். அவள் பிறந்த வீட்டுக் கோடியோடு ஒரு வேன் நிறையச் சனம் வந்து இறங்கியது. அதில் அப்பாவுக்கு மாமன் மகள் முறையில் ஒரு சின்னம்மா. சின்ன வயதில் அப்பாவுக்குத்தான் அவளைக் கட்டுவதாக இருந்து, ஏதோ ஒரு வருத்தத்தில் நின்றுபோயிற்று. பெண்கள் வட்டமாகக் கழுத்தைக் கட்டிக்கொண்டு மாரடித்து அழ ஆரம்பித்தார்கள். கிழவியின் பெருமை, அவள் கை மணம், அவள் கொடுத்துச் சிவந்த கை என்று ஒப்பாரி ஏறிக்கொண்டு வந்தபோது, இந்தச் சின்னம்மா அதே ராகத்தில், அதே அழுகைக் குரலில், என்னைக் கட்டாமல் ஏய்த்த உன் மகனை நம்பி நீ எப்படி இத்தனை காலம் கஞ்சி குடித்தாய் என்று ஒரு அடியைச் சேர்த்துவிட்டாள். அம்மா அந்த வட்டத்துக்குள்தான் இருந்தாள். அவள் தோள் குலுங்கியது அழுகையில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அப்பா தலையை மழித்து, ஈர வேட்டியோடு வாசலில் நின்றிருந்தார். "இப்ப மட்டும் என்ன, மாப்பிள்ளை மாதிரித்தான் மொட்டையடிச்சுக் குளிச்சு நிக்கிறேன். ஒனக்குச் சம்மதமா?" என்றார். அழுதுகொண்டிருந்த கூட்டம் அப்படியே சிரிப்புக்குத் திரும்பியது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஆட்களை ஏவிக்கொண்டிருந்த அப்பா அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து அழுதார். சென்னையிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவர், பிணத்தை வைத்துக்கொண்டு இதென்ன கூத்து என்று முகத்தைச் சுளித்தார். அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் விளங்கியிருக்காது.

இதையெல்லாம் எழுதும்போது ஊரே சிரித்துக்கொண்டிருந்ததுபோல ஒரு சித்திரம் வந்துவிடுகிறது. அது முழு உண்மை இல்லை. கேலிக்கு எதிர்க்கேலி பேச உரிமை உள்ளவர்களுக்குள் நடந்த விளையாட்டு இது. எங்கள் காடுகளில் வேலை செய்தவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. அவர்களைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட எங்கள் தெருவில் பத்து வயதுப் பையனுக்குக்கூட வாய் உண்டு. அவர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். சிரிக்காமல் இருக்க முடியாது என்பதால் சிரித்த சிரிப்பு அது. பெரியப்பா களத்துமேட்டில் நின்றுகொண்டு ஒருவரின் நடையைப் பற்றி, அவர் பிள்ளையின் நிறத்தைப் பற்றிச் சொல்வதற்கெல்லாம் அந்த மனிதரே முதல் ஆளாகச் சிரிக்க வேண்டியிருந்தது.

என்னோடு ஆறாம் வகுப்பில் படித்த பையன் ஒருவன் அந்தத் தெரு. ஒரு ராத்திரி யாருக்கும் தெரியாமல் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் அவன் அப்பா நடித்துக்கொண்டிருந்தார். துண்டைத் தோளில் ஒருக்களித்துப் போட்டு, தொப்பையைத் தள்ளி, நாலு எட்டு வைத்து நின்று, தொண்டையைச் செருமி, "எலேய்" என்று இழுத்தார். அச்சு அசலாக என் பெரியப்பா. சுற்றி இருந்த பெண்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லாம் ஒரு நொடி நின்றது. நான்தான் அடக்கமுடியாமல் சிரித்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு செருமலைப் போட்டார். பகலில் வாங்கிய கேலியை ராத்திரியில் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த தெரு அது. கொடுக்க வேண்டியவருக்குத்தான் போய்ச் சேரவில்லை.

மதுரையில் கல்லூரி விடுதிக்கு வந்தது 1970-களின் பின்பாதியில். நாலு மாவட்டத்துப் பையன்கள், நாற்பது சாதி. முதல் வாரம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லி, வாங்க போங்க என்று கூப்பிட்டோம். மாதம் முடிவதற்குள் மொத்த விடுதியும் "மாப்ளே", "மச்சான்" ஆகிவிட்டது. ஏன் அண்ணன் தம்பி ஆகவில்லை? அந்தக் காலத்தில் மேடைகளில் எல்லாமே உடன்பிறப்பு. அண்ணா அதற்கு முன்பே "தம்பிக்கு" என்று கடிதம் எழுதியிருந்தார், கருணாநிதி "உடன்பிறப்பே" என்றார், எம்.ஜி.ஆர். ரத்தத்தின் ரத்தமே என்று அழைத்தார். அந்தப் பேச்சைக் கேட்டு மெய்சிலிர்த்துக் கைதட்டிவிட்டு வந்த பையன்கள்தான் அறைக்குத் திரும்பியதும் மச்சான் என்றார்கள். கூட்டமாகச் சேர்ந்து கோஷம் போட அண்ணன் தம்பி உறவு பொருத்தம். சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ள, காசைப் பிடுங்க, மார்க்கைச் சொல்லிச் சிரிக்க அது உதவாது. கேலி பேச உரிமை வேண்டும் என்றால் மச்சானாகத்தான் ஆக வேண்டும். ஊரில் கற்றதை யாரும் சொல்லிக்கொடுக்காமலேயே அங்கே கொண்டுவந்து நட்டிருந்தோம். சில ஊர்ப் பையன்கள் "பங்காளி" என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் வரப்புத் தகராறுதான் ஞாபகம் வரும்.

வேறு சாதிக்காரனை மச்சான் என்று கூப்பிடுவதற்குள் இருந்த துணிச்சல் எங்களுக்குத் தெரியவில்லை. என் தங்கையை நீ கட்டலாம், உன் தங்கையை நான் கட்டலாம் என்பதுதானே அந்த முறையின் அர்த்தம்? அடுத்த அறையில் இரண்டு பேர். மூன்று வருஷம் மாறி மாறி மச்சான் மச்சான் என்று ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒருவன் ஊருக்கு இன்னொருவன் திருவிழாவுக்குப் போய் வந்தான். அந்த வீட்டுப் பெண்ணிடமிருந்து கடிதம் வர ஆரம்பித்தது. விஷயம் தெரிந்த அன்றைக்கு விடுதியில் ரத்தம் பார்க்காமல் தடுத்தது வார்டன்தான். உண்மையில் மச்சானாகப் போகிறவனை அதற்குப் பிறகு அந்தச் சொல்லால் அவன் கூப்பிடவே இல்லை. பெண்ணுக்கு வேறு இடத்தில் அவசரமாகக் கல்யாணம் முடிந்தது.

வங்கி வேலை கிடைத்துக் கோயம்புத்தூருக்குப் போனபோது வேறு ஒரு பாடம் ஆரம்பமானது. எங்கள் பக்கத்துக் கேலி வரும்போதே சத்தத்தோடு வரும். கேட்கிறவருக்குத் தயாராக நேரம் இருக்கும். கொங்கு நாட்டில் அப்படி இல்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. சொல்லுக்குச் சொல் "ங்க" இருக்கும். அவர் நம்மைக் காலி செய்துவிட்டுப் போய் வண்டியை எடுக்கும்போதுதான் நமக்கு உறைக்கும். பம்ப் செட் கடனுக்கு விண்ணப்பம் போட்ட விவசாயி ஒருவர். எங்கள் கிளையில் அந்தத் தாள் மேஜைக்கு மேஜை நகர்ந்துகொண்டிருந்தது. மூன்றாவதோ நாலாவதோ தடவை வந்தபோது என் மேஜை முன்னால் கைகட்டி நின்று, "தம்பி, அவசரம் ஒண்ணுமில்லீங்க. எம் பையன் பேர்லதான் கேட்டிருந்தனுங்க. அவனுக்கு வயசாயிட்டே வருதுங்க. பேரன் பேருக்கு மாத்தி எழுதிக்கிட்டாலும் செரீங்க" என்றார். நான் பதிவேட்டை எடுத்துப் பேரன் பேரைக் கேட்கப் போனேன். பக்கத்து மேஜைக்காரர், உள்ளூர்க்காரர், தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கடன் அந்த வாரமே பாஸானது.

அவருக்கும் எனக்கும் எந்த முறையும் கிடையாது. அவர் ஊர் எனக்குத் தெரியாது, என் ஊர் அவருக்குத் தெரியாது. எங்கள் பக்கம் மச்சான் என்ற உறவு கொடுக்கிற பாதுகாப்பை அங்கே அந்த "ங்க" கொடுக்கிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. மரியாதை குறையவே இல்லை. யார்மேல் புகார் சொல்வது? இதைக் குசும்பு என்று அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். உடுமலைப் பக்கத்திலிருந்து சினிமாவுக்குப் போன கவுண்டமணியிடம் இதன் இன்னொரு முகத்தைப் பார்த்தோம். படத்தில் அவர் மரியாதையெல்லாம் வைப்பதில்லை, நேராக உதைதான். ஆனால் ஊரில் பெரிய மனிதர் என்று நடமாடுகிற யாரையும் அவர் பெரிய மனிதராக எடுத்துக்கொள்வதில்லை. அது அந்த மண்ணின் குணம். கூட நடித்த செந்திலின் தலையையும் நிறத்தையும் சொல்லி அவர் சிரிக்கவைத்த இடங்கள் இப்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை. களத்துமேட்டுப் பெரியப்பா வந்து நின்றுவிடுகிறார்.

பத்திரிகை ஜோக்கும் படித்து வளர்ந்தவன்தான் நான். ஆனந்த விகடன் 1926-இல் தொடங்கியபோதே பெயரில் விகடத்தை வைத்துக்கொண்டது. ஆனால் பூரிக்கட்டை மனைவி, ஆபரேஷன் தியேட்டர் டாக்டர், புறமுதுகு காட்டும் மன்னர் எல்லாம் படித்து மூடிவிடுகிற சரக்கு. யாரும் அதைக் கொண்டு கடன் வசூலித்ததில்லை. நகைக்கு ஏளனம், சிறுபிள்ளைத்தனம், அறியாமை, மடமை என்று நாலு காரணம் சொன்ன தொல்காப்பியர் பாக்கி வசூலைச் சேர்க்காமல் விட்டது எனக்கு ஒரு குறை.

பேச்சை மாற்றியது சினிமாதான். 'கரகாட்டக்காரன்' வந்த 1989-இல் எங்கள் கிளையில் மாலையில் கணக்கு முடிக்கும்போது ஒரு நோட்டுக்கட்டு குறைந்தால் கேஷியர் முகம் வெளுக்கும். "ஒண்ணு இங்க இருக்கு, இன்னொண்ணு எங்க?" என்று யாராவது அந்தப் படத்து வாழைப்பழக் கேள்வியைப் போடுவார்கள். சிரித்துக்கொண்டே எல்லோரும் மேஜைக்கடியில் தேடுவோம். திருட்டுப் பட்டம் விழக்கூடிய இடத்தில் அந்த ஒரு வசனம் எத்தனையோ நாள் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பிறகு வடிவேலு வந்தார். மதுரைக்காரர் என்பதால் எனக்குச் சலுகையோடு பார்க்கத் தோன்றும், அதையும் சொல்லிவிடுகிறேன். கவுண்டமணி அடிக்கிறவர், இவர் அடிவாங்குகிறவர். அடிவாங்குகிறவன் வசனம்தான் அலுவலகத்துக்கு அதிகம் உதவும். சம்பள உயர்வு நிலுவை எப்போது வரும் என்றால், படத்தில் என்னத்த கன்னையா அவரிடம் சொன்னதுபோல "வரும், ஆனா வராது". மேலதிகாரி முன்னால் வீரம் பேசிவிட்டு வெளியே வந்தால் 'தலைநகரம்' படத்து ரௌடி.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து, ஏற்கெனவே கணினியில் ஏறிவிட்ட பட்டியல்களைக் கையால் மறுபடி எழுத வேண்டும் என்றார் புதிதாக வந்த மேலாளர். யாரும் மறுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்து சில மாதமே ஆன பெண் ஒருத்தி, கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "தேவையில்லாத ஆணி" என்றாள். அவ்வளவுதான். 'பிரெண்ட்ஸ்' பார்க்காத ஆள் அந்த அறையில் இல்லை. மேலாளர்தான் முதலில் சிரித்தார். அவள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. சொன்னது அவள் இல்லை, வடிவேலு. ஞாயிற்றுக்கிழமை பழையபடி விடுமுறை ஆனது. எங்கள் ஊரில் அவள் வயதுப் பெண், முறைக்காரன் அல்லாத ஆணிடம், அதுவும் தனக்கு மேலே இருக்கிறவரிடம், இப்படி ஒரு சொல் பேசியிருக்க வழியே இல்லை. 2019 மே கடைசியில் அதே படத்தில் வடிவேலு நடித்த காண்டிராக்டர் நேசமணியின் தலையில் சுத்தியல் விழுந்துவிட்டதென்று உலகத்துத் தமிழர் எல்லாம் இணையத்தில் பிரார்த்தனை செய்தபோது, யார் இந்த நேசமணி என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சாதியோ, ஊரோ, தாயார் பிறந்த இடமோ யாரும் விசாரிக்காத கேலி.

எனக்கு அதில் ஒரு குறையும் உண்டு. அந்த இடத்தில், அந்த ஆளுக்கு, அப்போதே புதிதாக உண்டாக்கிப் பேசுகிற வாய் குறைந்துவிட்டது. சினை ஆட்டுக்குப் பதில் இன்றைக்கு ஒரு ஸ்டிக்கர் வரும். அனுப்புவதற்கு மூளை வேண்டாம், விரல் போதும். என் மச்சினன் குடும்பக் குழுவில் காலை வணக்கத்துக்கே வடிவேலுவை அனுப்புகிறான். அவன் அப்பா, டீக்கடையில் பதில் சொன்ன அதே மாமா, எண்பது வயதைத் தாண்டிவிட்டார். கைப்பேசியை வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு, "இதுல ஒன்னோடது எது?" என்று கேட்டார். மாமா மகளைத்தான் நான் கட்டியிருக்கிறேன். ஆக, இப்போது நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே கொஞ்சம் மரியாதையாகத்தான்.

போன வருஷம் என் தம்பி மகள் கல்யாணம், மதுரையில். மாப்பிள்ளை லக்னோக்காரர், பெங்களூரில் இருவரும் ஒரே அலுவலகம். எங்கள் சனத்துக்குச் சாதி மாறியதைவிட மொழி தெரியாததுதான் முதலில் இடித்தது. சம்பந்தியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எவ்வளவு நேரம் நிற்பது? மாமா பாவம், மேடைக்கு முன் வரிசையில் வாய் மூடி உட்கார்ந்திருந்தார். அதற்குள் எங்கள் வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர் மாப்பிள்ளையின் செருப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். இந்திப் படம் பார்த்துக் கற்றதுதான். மாப்பிள்ளை வீட்டாரும் அதை எதிர்பார்த்துப் பணத்தோடு வந்திருந்தார்கள். பேரம் ஆரம்பமானது. என்ன நடக்கிறது என்று மாமா கேட்டார். பொண்ணுக்குத் தங்கச்சி முறையுள்ளவர்கள் செருப்பை ஒளித்துவைத்துக் காசு கேட்பது அவர்கள் வழக்கம் என்று சொன்னேன். "மச்சினிச்சிகளா?" என்று உறுதிசெய்துகொண்டார். கொஞ்ச நேரம் ஆளைக் காணோம்.

சாப்பாட்டுப் பந்திக்குக் கூப்பிடும்போது லக்னோ சம்பந்தி தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். பளபளவென்று ஜரிகை போட்ட முனை வளைந்த செருப்பு. மண்டபத்துக்காரரைக் கூப்பிட்டு விசாரணை நடந்தது. மாமா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நடந்து வந்து அவர் எதிரே நின்றார். மடியில் மஞ்சள் பை பருத்துத் தெரிந்தது.

"பொண்ணுக கேக்குறது மாப்பிள்ளைக்கு. பெரியவுகளுக்குப் பெரியவுகதான் கேக்கணும்" என்றார் தமிழிலேயே. சம்பந்திக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. பையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், சட்டைப் பையில் கைவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். மாமா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்து, "இது ஒத்தைச் செருப்புக்கு" என்றார்.